கடலூரில் பனி இல்லையா?

தமிழ்நாட்டில் பருவங்கள் மூன்று. வெயில், கடும் வெயில், கொடும் வெயில் என்று ஒரு ஹாஸ்யம் உண்டு. முதலில் இதைச் சொன்னவர் யாரோ, அவருக்கு நல்ல யோகம். கலியாணப் பந்தலில், ரயில் பெட்டியில், இலக்கியக் கூட்டத்து நன்றியுரையில்கூட இதைக் கேட்டிருக்கிறேன். சொல்லுகிறவரும் சிரிக்கிறார், கேட்கிறவர்களும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. வீட்டில் ஆறு அறை இருக்க, 'எங்களுக்குத் திண்ணைதான்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளுகிறவனைப் பார்த்து எப்படிச் சிரிப்பது?

நமக்குக் குளிர்காலம் இருக்கிறது. பனிக்காலம் என்று அதற்குப் பெயரும் இருக்கிறது. காலத்தையும் பெயரையும் சேர்த்துத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். தொலைப்பவர்களில் முதல் குற்றவாளி சினிமா, இரண்டாவது, கதை எழுதுகிறவர்கள், மூன்றாவது, பத்திரிகைகள். வாசகர்கள் நிம்மதியாக மூச்சு விட வேண்டாம். அவர்களிடமும் வருகிறேன்.

கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் பழைய போட்டோ ஸ்டுடியோவுக்குள் போனவர்களுக்குத் தெரியும், பின்னால் ஒரு படுதா தொங்கும். அதில் ஒரு மலை. மலைமேல் வெள்ளை வெளேரென்று பனி. அடிவாரத்தில் ஏரி. ஏரிக்கரையில் ஊசியிலை மரங்கள், கூரை சரிந்த ஒரு மரவீடு. இத்தனைக்கும் முன்னால் பட்டுப்புடவையும் கனகாம்பரமுமாகப் புது மணப்பெண், பக்கத்தில் வியர்த்து வழியும் மாப்பிள்ளை! படுதாவை எழுதியவர் அந்த மலையைப் பார்த்ததில்லை. படம் பிடித்தவர் பார்த்ததில்லை. பிடித்துக்கொண்டவர்களும் பார்த்ததில்லை. ஒருவருமே பார்க்காத ஒரு மலை நம் வீட்டுக் கூடங்களில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இரண்டு மூன்று தலைமுறையாகச் சௌக்கியமாக இருந்து வருகிறது. ஸ்டுடியோ வாசலிலிருந்து கொஞ்ச தூரம் போனால் கெடிலம் ஆறு, அதற்கப்பால் உப்பங்கழி, அதற்கும் அப்பால் சமுத்திரம். அதை எழுதிய படுதா ஒன்றையாவது நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை.

படுதாவைத் தொடர்ந்து சினிமா. ஸ்ரீதர் 1961-ல் 'தேனிலவு' படத்துக்காகக் காஷ்மீரத்துக்குப் போனார். 1966-ல் வந்த 'அன்பே வா' சிம்லாவைக் காட்டிற்று. அவர்களை நான் குறை சொல்லவில்லை. கதைக்கு அந்த இடம் வேண்டியிருந்தது, போனார்கள், ரசிக்கும்படி எடுத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் புறப்பட்ட கும்பலைப் பற்றித்தான் பேச்சு. களத்து மேட்டில் காதல் பிறக்கும். மறு நிமிஷம் இருவரும் சுவிட்ஸர்லாந்துப் பனிச் சரிவில் உருளுவார்கள். கதாநாயகனுக்குக் கழுத்து வரையில் கம்பளி. கதாநாயகிக்கோ காற்றில் பறக்கும் மெல்லிய சேலை. குளிர் என்பது ஆண்களை மட்டும் பிடிக்கும் வியாதி போலும்.

சினிமாக்காரராவது காமிராவைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்துக்குப் போகிறார். நம் தொடர்கதை ஆசிரியருக்கு அந்தச் செலவும் இல்லை. மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தபடியே 'பனிப் போர்வை போர்த்த மலைமகள்' என்று ஆரம்பித்துவிடுகிறார். அவருடைய மணாலியில் பனி எப்போதும் பூப்போலத்தான் விழும். ஒரு நாளும் அது சேறாவதில்லை, வழியை அடைப்பதில்லை, குழாயில் தண்ணீரை உறைய வைப்பதில்லை. அங்கே ஏழைகளும் கிடையாது, ஒரு குதிரைக்காரனைத் தவிர. அவனும் கதாநாயகியை வணங்கிவிட்டுப் போய்விடுவான்.

டொரொண்டோவிலும் ஆஸ்லோவிலும் இருக்கும் ஈழத் தமிழர்கள் வெண்பனியைப் பற்றி எழுதினால் நான் கை கட்டிக்கொண்டு கேட்பேன். அதிகாலையில் வாசலில் முழங்கால் உயரம் கிடப்பதை மண்வாரியால் தள்ளிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். அவர்கள் எழுத்தில் அதற்குக் கனம் இருக்கிறது. நம்மவர் எழுதும் பனிக்குப் படுதாவின் கனம்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். பனி என்றால் என்ன? இன்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். 'ஸ்னோ' என்று பளிச்சென்று பதில் வரும். நம்முடைய முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆறில் இரண்டு பனி. வருஷத்தில் நாலு மாதம்! இரவின் முன்பாதியிலேயே பனி இறங்கிவிடும் மார்கழியும் தையும் முன்பனி. இரவின் பின்பாதியில் இறங்கும் மாசியும் பங்குனியும் பின்பனி. இரவில் எந்த நேரத்தில் ஈரம் இறங்குகிறது என்பதைக் கவனித்து மாதத்துக்குப் பெயர் வைத்தவர்கள் எப்பேர்ப்பட்ட ஜனங்களாக இருந்திருக்க வேண்டும்! தொல்காப்பியர் முன்பனியைக் குறிஞ்சிக்கும், பின்பனியைப் பாலைக்கும் வகுத்து வைத்தார். காதலுக்கும் பிரிவுக்கும் பின்னால் நின்றது இந்தப் பனி. ஐரோப்பாப் பனி அல்ல.

இங்கே ஒரு பண்டிதர் எழுந்து, 'சங்கப் புலவர்கள் இமயத்தின் மேல் கிடப்பதையும் பனி என்றுதானே சொன்னார்கள்?' என்று கேட்பார். சொன்னார்கள், வாஸ்தவம். குளிர்ந்ததெல்லாம் அவர்களுக்குப் பனி, நடுங்குவதும் பனித்தல், கண்ணில் நீர் துளித்தாலும் கண் பனித்தது. ஒரு சொல்லுக்குள் பல உறவுகளைக் குடிவைத்தார்கள். நாமோ தூரத்து உறவுக்காரன் ஒருவனை உள்ளே அழைத்து, வீட்டுக்காரனை வாசலில் நிறுத்திவிட்டோம். வித்தியாசம் அதுதான்.

பத்திரிகைகள் செய்யும் கைங்கரியம் வேறு. டிசம்பர், ஜனவரி வந்தால் போதும், 'ஊட்டியில் கடும் பனிப்பொழிவு' என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் தலைக்குந்தா புல்வெளி உப்புத் தூவினாற்போல் வெளுத்திருக்கும் படம். உடனே குடும்பம் குடும்பமாகக் காரில் மூட்டை கட்டுகிறார்கள். ஐயா, ஊட்டியில் பனி பொழியவில்லை. மேகத்திலிருந்து அங்கே ஒன்றும் விழவில்லை. சொல்லப்போனால், மேகமே இல்லாத இரவில்தான் அது உண்டாகிறது.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வானம் நிர்மலமாக இருக்கும் இரவில், பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பூமி ஆகாயத்தில் விட்டுவிடுகிறது. புல்லும் இலையும் சுற்றிலுமுள்ள காற்றைவிடச் சீக்கிரம் குளிர்ந்துபோகின்றன. குளிர்ந்த செம்பில் நீர் முத்துக்கட்டுவதுபோல, காற்றிலிருக்கும் ஈரம் அந்த இலைமேல் முத்துக்கட்டுகிறது. அதுதான் பனித்துளி. லண்டனில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்பவர், கம்பளிப் பஞ்சை நிறுத்து இரவில் திறந்த வெளியிலும் மறைப்பின் அடியிலும் வைத்து, காலையில் மறுபடியும் நிறுத்துப் பார்த்தார். மறைப்பின் அடியில் இருந்த பஞ்சு அதிகம் நனையவில்லை. வானத்தைப் பார்த்துக் கிடந்த பஞ்சுதான் கனத்திருந்தது. 1814-ல் இதைப் புத்தகமாக எழுதி மெச்சும்படி நிரூபித்தார். நம் ஊர்ப் பாட்டிகள் இந்தச் சோதனை எதுவும் செய்யாமலே, 'வெளியில் படுக்காதே, பனி தலையில் இறங்கும். பந்தலுக்கு அடியில் கட்டிலைப் போடு' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெல்ஸைப் படித்தபோது எனக்குப் பாட்டிகள்மேல்தான் மரியாதை கூடியது.

இலையின் குளிர்ச்சி பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டால், அதே ஈரம் துளியாகாமல் பனிக்கட்டிப் பொடியாக ஒட்டிக்கொள்ளும். அது உறைபனி. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் உதகமண்டலத்தில் நடப்பது இதுதான். அங்குள்ள தேயிலைக்காரரும் காய்கறிக்காரரும் அதைக் கண்டு கவிதை பாடுவதில்லை. செடி கருகிவிடுமே என்று காய்ந்த புல்லையும் தழையையும் கொண்டு மூடுகிறார்கள். வெண்பனி என்பது வேறு. அது மேகத்துக்குள்ளேயே படிகமாகி விழுவது. நம் அட்சரேகையில் அது மலைமேல் நிலையாகத் தங்க வேண்டுமானால் ஏறக்குறைய 5,000 மீட்டர் உயரமாவது வேண்டும். நீலகிரியில் மிக உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதன் தலையில் இன்னொரு தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்தால் யோசிக்கலாம்.

ஆகவே விஷயம் என்ன? ஊட்டிக்குப் போய்க் கையுறை மாட்டிக்கொண்டு நீங்கள் பார்த்து வருவது சுவிட்ஸர்லாந்தின் தங்கையை அல்ல. கடலூரின் அண்ணனை! கெடிலத்தங்கரை அறுகம்புல்லின்மேல் எந்த முறையில் பனி பிறக்கிறதோ, அதே முறையில்தான் தலைக்குந்தாப் புல்லின்மேலும் பிறக்கிறது. அங்கே உறைந்துவிடுகிறது, இங்கே உறையாமல் ஜொலிக்கிறது. உறைந்ததைப் பார்க்க ஹோட்டல் அறைக்குப் பணம் கட்டுகிறோம். உறையாததைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு பால் வாங்கப் போகிறோம்.

கடலும் மலையும் வெண்பனியும் ஒன்றாகச் சேர்ந்த தேசம் உலகத்தில் இல்லாமல் இல்லை. நார்வே இருக்கிறது, கனடாவின் மேற்குக்கரை இருக்கிறது. எனக்குப் பிடித்தது ஜப்பானின் மேற்குக்கரை. அதன் கதையைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வறண்ட குளிர்காற்று புறப்படுகிறது. ஜப்பான் கடலைத் தாண்டும்போது அந்தக் கடலின் வெதுவெதுப்பான நீரிலிருந்து ஈரத்தை வாரிக்கொள்ளுகிறது. கரையேறியதும் மலை மறிக்கிறது. காற்று மேலே ஏறுகிறது. சுமந்து வந்ததையெல்லாம் வெண்பனியாகக் கொட்டிவிடுகிறது. நீகாட்டா பக்கத்து மலையூர்களில் வீட்டின் கீழ்த்தளம் மூழ்கிப்போகும் அளவுக்குக் கொட்டும்.

அந்தப் பிரதேசத்தின் யுஸாவா என்ற ஊரில், வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றில் தங்கித்தான் யாசுநாரி கவபாட்டா 'பனி தேசம்' என்ற தம்முடைய நாவலை எழுதினார். 1935-ல் ஆரம்பித்த வேலை 1948-ல்தான் முடிந்தது. நோபல் பரிசு 1968-ல் வந்தது. அந்த நாவலில் பனி படுதா அல்ல. அங்குள்ள பெண்கள் பனிக்கால மாதங்களில் துணி நெய்வதையும், நெய்த துணியைப் பனியின்மேல் விரித்து வெளுப்பதையும்கூட அவர் விடாமல் எழுதியிருக்கிறார். பனி அந்த ஜனங்களை என்ன செய்கிறது, அவர்கள் பனியைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். ஆள் அங்கே போய் உட்கார்ந்தார். வருஷக்கணக்கில் போய்ப் போய் உட்கார்ந்தார்.

இப்போது காரணத்தைச் சொல்லுகிறேன். ஜப்பான் மலையில் வெண்பனி கொட்டும் அந்தக் காற்றும், கடலூர்க் கரையில் ஐப்பசி கார்த்திகை மழையைக் கொட்டும் வாடைக்காற்றும் ஒரே குடும்பம். ஆசியக் கண்டம் குளிர்காலத்தில் விடுகிற பெருமூச்சு அது. நம் பக்கம் அந்தச் சைபீரியக் குளிர் நேரே பாயாதபடி இமயமலை குறுக்கே நிற்கிறது. ஆனாலும் வடகிழக்கிலிருந்து வரும் காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து, ஜப்பானில் செய்ததைப் போலவே ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் கரையில் ஏறுகிறது. கடலூர் வட்டாரத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்தக் காற்று கொடுப்பதுதான். மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் வானம் துடைத்த கண்ணாடிபோல் ஆகிவிடும். பூமியில் ஈரம் நிறைந்திருக்கும், காற்றிலும் ஈரம், மேலே மேகம் இல்லை. பனி பிறப்பதற்கு வேண்டியதெல்லாம் தயார். அவர்களுக்கு ஒரு பனி தேசம் இருக்கிறது. நமக்கும் ஒன்று இருக்கிறது. அவர்களுக்குக் கவபாட்டா இருந்தார்.

'கடல் இருக்கிறது, பனியும் இருக்கிறது, மலை எங்கே?' என்று கேட்கலாம். கடலூருக்கு மலை இல்லையென்று யார் சொன்னது? கேப்பர் மலை இருக்கிறதே! வெள்ளைக்காரப் படை அதிகாரி ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கும் செம்மண் மேடு அது. குன்று என்று சொல்லவே வெளியூர்க்காரர் யோசிப்பார். ஊர்க்காரர்களோ கூச்சமில்லாமல் 'மலை' என்கிறார்கள். ஊருக்குள் 'மலைக்குப் போய்விட்டான்' என்றால் ஜெயிலுக்குப் போய்விட்டான் என்று அர்த்தம் செய்துகொள்ளுகிறவர்களும் உண்டு. மத்தியச் சிறைச்சாலை அங்கேதான். அந்தச் சிறுமலைத் தொடரை ஒட்டித் திருவந்திபுரம். தேவநாதப் பெருமாள் கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி. மேலே ஹயக்ரீவர் சந்நிதி. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு ஆகாய மார்க்கமாகப் போகையில் தவறி விழுந்த துண்டு அது என்று ஐதீகம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என்ன அழகான கற்பனை என்று மட்டும் பாருங்கள்! இமயத்தைப் பார்க்க வடக்கே போகிறவர்கள் இருக்க, இமயத்தின் ஒரு துண்டையே கெடிலக் கரைக்குக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள் இந்த ஊர் ஜனங்கள்.

தை மாதத்து விடியற்காலையில் அந்தப் படிகளில் ஏறி நின்றால் என்ன தெரியும் என்று சொல்லுகிறேன். முதலில் ஒன்றுமே தெரியாது. கீழே ஒரே பால். கொஞ்சம் பொறுத்தால் பாலுக்குள்ளிருந்து தென்னந்தலைகள் மட்டும் எட்டிப்பார்க்கும், உடம்பு இல்லாமல். ஆற்றங்கரையில் யாரோ இருமுவது காதருகில் கேட்கும், ஆளைக் காணமுடியாது. ஒரு மாட்டுமணி. தூரத்தில் ரயில் கூவும் சப்தம். கிழக்கே மெதுவாகச் செம்மை ஏறும்போது அந்தப் பால் முழுவதும் பழரசம்போல் சிவந்து, ஓரங்களில் கிழிந்து, கடைசியில் நிலம் ஈரச்சேலையைப் பிழிந்து உடுத்தினவள்போல் வெளியே வரும். சூரியன் ஒரு பனையளவு ஏறிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அவ்வளவு சீக்கிரத்தில் போய்விடும் என்பதுதான் அதன் குறை என்று சொல்லுவார்கள். எனக்கு அதுதான் அதன் ருசி.

சிதம்பரத்தில் இதற்கு ஒரு பண்டிகையே இருக்கிறது. மார்கழித் திருவாதிரைக்கு நடராஜர் சிற்சபையை விட்டு வெளியே வந்து தேரேறுகிறார். மறுநாள் விடியுமுன் ஆயிரங்கால் மண்டபத்தில் அபிஷேகம். அதைப் பார்க்க ஜனங்கள் இரவெல்லாம் திறந்த வெளியில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பனியில் நனைந்தபடி நிற்கிறார்கள். வடக்கத்தியார் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, 'இருபது டிகிரிக் குளிருக்கு மஃப்ளரா, குரங்குக் குல்லாவா!' என்று பரிகாசம் செய்ததாகச் சொன்னார்கள். குளிர் என்பது தெர்மாமீட்டர் சமாசாரம் மட்டுமா என்ன? பத்து மாதம் வெந்த உடம்புக்கு இருபது டிகிரி போதும். அதிலும் கடற்கரைக் குளிர் ஈரக்குளிர். சட்டைக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும்.

எனக்கு அங்கே நிற்கும்போது தோன்றுவது வேறு. பனி மூடிய கயிலையில் வீற்றிருப்பவர் என்று உலகமெல்லாம் சொல்லும் சிவபெருமான், ஆடுவதற்கு இடம் தேடியபோது எங்கே வந்தார்? தில்லை மரங்கள் மண்டிய இந்தக் கடலோரச் சேற்றுக்கு! தில்லை சதுப்புநில மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்துக் கழியில் சுரபுன்னைக்கு நடுவே இன்றும் அது நிற்கிறது. கயிலைவாசிக்கே போதுமாக இருந்த நிலம் நம்முடைய தொடர்கதை ஆசிரியருக்குப் போதவில்லை. பறவைகளைக் கேளுங்கள். சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் பனி கொட்டத் தொடங்கியதும் உள்ளான்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டு இந்தக் கழிகளுக்கு வந்து சேருகின்றன. நாம் எதைத் தேடிப் போகிறோமோ அதிலிருந்து தப்பித்து அவை இங்கே வருகின்றன.

அழகைப் பற்றி மட்டும் பேசினால் நானும் படுதா எழுதுகிறவன் ஆகிவிடுவேன். சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரம் காவிரிப் பாசனத்தின் வால். கீழணையிலிருந்தும் வீராணம் ஏரியிலிருந்தும் வரும் தண்ணீரில் சம்பா விளைகிறது. (அந்த வீராணத்துத் தண்ணீர் 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது. மாம்பலத்து நாவலாசிரியர் காப்பி போட்டுக் குடித்துக்கொண்டே மணாலியைப் பற்றி எழுதுகிறாரே, அதில் வீராணமும் கலந்திருக்கலாம்.) தையில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, கதிர் சாய்ந்து நிற்கும் வயலிலேயே, மெழுகுபோன்ற சேற்றில், உளுந்தையும் பயற்றையும் தெளித்துவிடுவார்கள். அறுவடைக்காரர்கள் அந்த முளைகளை மிதித்துக்கொண்டே நெல்லை அறுப்பார்கள். மிதிபட்ட முளை நிமிர்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு உழவு இல்லை, பாய்ச்சல் இல்லை. வாய்க்காலில் தண்ணீரும் இருக்காது.

புவனகிரிப் பக்கத்தில் வரப்பில் நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "இதற்குத் தண்ணீருக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

"தண்ணி எதுக்குங்க? அதான் பனி இருக்குதே" என்றார்.

அதுதான் பனிப் பயிர். வேர் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிறது. இலை இரவுதோறும் பனியில் நனைகிறது. மாசி முழுவதும் அப்படியே ஜீவித்து, பங்குனியில் காய்த்து, சித்திரை வெயிலுக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுகிறது. நெல்லில் கடன் அடைப்பவர்கள் அந்த உளுந்தில்தான் பெண்ணுக்கு ஒரு நகை செய்வார்கள், பையனுக்குக் காலேஜ் சம்பளம் கட்டுவார்கள். பனியும் எப்போதும் நல்லபிள்ளையாக இருந்துவிடுவதில்லை. அளவு மீறினால் சம்பாவில் குலைநோய் விழும். மாம்பூ சாம்பல் பூத்துக் கருகும். காலம் தப்பி தையில் மழை கொட்டினால் தெளித்த உளுந்து அழுகும். பனி வராமல் வானம் மூட்டமாகவே இருந்தாலும் கவலை. ஒரு குடும்பத்தின் ஒரு வருஷத்து நிம்மதி இரவு மூன்று மணிக்கு வானத்தில் மேகம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்திருக்கிறது. நாவலுக்கு இதைவிட நல்ல முடிச்சு என்ன வேண்டும்? யார் எழுதினார்கள்? அடுத்த முறை இட்டிலியைப் பிட்டு வாயில் போடும்போது வாசகர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். அதிலுள்ள உளுந்து ஒருவேளை பர்மாவிலிருந்து வந்திருக்கலாம், ஒருவேளை சிதம்பரத்துப் பனியைக் குடித்து வளர்ந்திருக்கலாம்.

பட்டணத்துப் பத்திரிகைகளுக்கு இந்த வட்டாரத்து மார்கழி தெரியவே தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும், பிணம் விழுந்தால் தெரியும். 2004 டிசம்பர் 26, மார்கழி பதினொன்று, பௌர்ணமி; சிதம்பரத்தில் திருவாதிரைத் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள். அன்று காலையில் கடல் பொங்கிவந்து தேவனாம்பட்டினத்தையும் சிங்காரத்தோப்பையும் வாரிக்கொண்டு போயிற்று. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். பிச்சாவரத்துக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களுக்குச் சேதம் குறைவு. காட்டின் மறைவில்லாமல் கடலோர மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. 2011 டிசம்பர் 30, மறுபடியும் மார்கழி. 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அப்பன் நட்டதை மகன் அனுபவிக்கிற மரங்கள் அவை. ஒரே காலையில் இரண்டு தலைமுறை விழுந்தது. 2015-ல் வெள்ளம். ஒவ்வொரு முறையும் காமிராக்கள் வந்தன, போயின. எழுத வேண்டாமென்று சொல்லவில்லை. எழுதத்தான் வேண்டும். ஆனால் ஓர் ஊரை அது சாகும்போது மட்டும் எட்டிப் பார்ப்பவனை அந்த ஊர்க்காரர்கள் என்னவென்று நினைப்பார்கள்? மீதி நாட்களில் அங்கே கோலம் போடுகிறார்கள், சாணத்தில் பூசணிப்பூ செருகுகிறார்கள், பயறு தெளிக்கிறார்கள், மூடுபனியில் கரை தெரியாமல் வலைக்காரர்கள் ஒருவரையொருவர் கூவி அழைத்துக்கொள்ளுகிறார்கள். அந்த வாழ்வு ஏட்டில் ஏறியிருந்தால், புயலில் விழுந்த பலாமரம் எது என்று படிக்கிறவனுக்குத் தெரிந்திருக்கும். வெறும் கணக்கெடுப்பு எண்ணாக அது போயிராது.

இனி வாசகர்கள். 'நாங்கள் கஷ்டங்களை மறக்கத்தான் கதை படிக்கிறோம். வயலும் வரப்பும் யாருக்கு வேண்டும்? கொஞ்ச நேரம் பனிமலையில் திரிந்துவிட்டு வருகிறோமே' என்கிறார்கள். நியாயம்தான், தாராளமாகத் திரியுங்கள். பார்த்தவர் கூட்டிக்கொண்டு போனால் கூடவே போங்கள். பாராதவர் விற்கும் பனிக்கு ஏன் காசு கொடுக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. பாலில் தண்ணீர் கலந்தால் பால்காரரோடு சண்டை போடத் தெரிகிறது. தொடர்கதையில் எட்டு வாரம் தண்ணீராகவே ஊற்றினால் 'அருமை' என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். மார்கழி என்றால் சபா கச்சேரியும் காண்டீன் அடையும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பட்டணத்து அன்பர்களுக்கு இன்னொன்றும் சொல்லுவேன். ராகங்கள் எங்கேயும் போய்விடாது. ஒரு நாள் விட்டுவிட்டு வாருங்கள்.

வருகிறதானால் தை பிறந்த பிறகு வாருங்கள், மேகமில்லாத நாளாகப் பார்த்து. இரவே சிதம்பரத்தில் தங்கிவிட வேண்டும். விடியுமுன் கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போகிற பஸ்ஸில் ஏறி, இடப்பக்கமோ வலப்பக்கமோ, ஜன்னலோரமாக உட்காருங்கள். கதவை இறக்கிவிடாதீர்கள். பக்கத்தில் மஃப்ளர் சுற்றிய ஒரு பெரியவர் இருப்பார். "ஜன்னலைச் சாத்துங்க தம்பி, பனி அடிக்குது" என்பார். அவரிடம் கொஞ்சம் மன்றாடிப் பாருங்கள். நாலு நிமிஷம் பொறுக்கச் சொல்லுங்கள். ஊர் எல்லை தாண்டினால் வயல்கள் வந்துவிடும்.